பத்து வருஷம் கழித்து வருகிறவர்கள்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் போஸ்ட்மார்ட்டம் அக்கா. முகத்துக்கு நேரே வெறும் அக்கா. முதுகுக்குப் பின்னால் முழுப்பெயர். பிணத்தை அவள் பக்கத்தில் நின்று பார்த்தவள்கூட இல்லை. வீட்டில் ஒரு பல்லி செத்துக் கிடந்தாலே கணவரைக் கூப்பிடுகிற ரகம். அவள் வேலை பார்த்தது அரசாங்கத்தின் ஆராய்ச்சித் துறையில், பின்னாய்வுப் பிரிவில். அரசு நிதியில் தொடங்கிய ஆராய்ச்சிகளைப் பத்து வருஷம் கழித்துப் போய்ப் பார்த்து, இதனால் யாருக்கு என்ன கிடைத்தது என்று விசாரித்து, தரம் போட்டுக் கொடுக்கிற பிரிவு அது. முதல் தரம் என்றால் நிதி தொடரும். மூன்றாம் தரம் என்றால் கடையைக் கட்டவேண்டியதுதான். இரண்டாம் தரம் என்பது மேலே இருப்பவர்களின் மனம்போல.

வேலையில் சேர்ந்த புதிதில் பிரிவுக்கு ஒரு முழு மாடியே இருந்தது. பிறகு கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, கடைசியில் மிஞ்சியது மூன்றாம் மாடியின் கோடியில் ஓர் அறை. லிஃப்ட் இரண்டாம் மாடியோடு நின்றுவிடும். வழி தவறியவர்களைத் தவிர யாரும் அங்கே வரமாட்டார்கள். உதைத்தால்தான் மூடுகிற இரும்பு அலமாரி ஒன்று. ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி. அதன் விளிம்பில் எந்நேரமும் புறாக்கள். இன்றைக்கும் பழைய காகித வாசனை எங்காவது வந்தால் அக்காவுக்கு அந்த அறை ஞாபகம் வந்துவிடும். அதோடு சேர்ந்து ஃபிளாஸ்க் டீயின் ருசியும் நாக்கில் வரும். நல்ல டீ என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் அப்படி ஒரு டீயை அப்புறம் அவள் குடிக்கவே இல்லை.

பிரிவின் தலைவரைப் பெரியவர் என்பார்கள். ஒல்லியான மனிதர், சிரிப்பதற்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றுவார். ஆராய்ச்சி நிலையத்துக்குச் சொல்லாமல்தான் போவார். போனதும் இயக்குநரைத் தேடமாட்டார். வாசலில், வயலில், பக்கத்து டீக்கடையில் நின்று பேச்சுக் கொடுப்பார். "இங்க உள்ள என்ன நடக்குது?" என்று கேட்பார். "ஏதோ நடக்குது சார், சம்பளம் வாங்கறாங்க" என்று பதில் வந்தால் போச்சு.

"காக்கா உட்காந்துச்சு, பனம்பழம் விழுந்துச்சு. நம்ம வேலை என்னன்னா, காக்காதான் தள்ளிச்சா, இல்ல பழமே பழுத்து விழுந்துச்சான்னு கண்டுபிடிக்கறது. எல்லா டைரக்டரும் நான்தான் காக்கான்னு சொல்லுவான்" என்பார் பெரியவர்.

அந்த நாட்களில் ஜீப்பில் அவர்கள் போகாத இடமில்லை. ஓட்டுநருக்கு பிரேக் என்று பெயர். ஆடு தெரிந்தாலும் அடிப்பார், ஆட்டின் நிழல் தெரிந்தாலும் அடிப்பார். பின் இருக்கையில் அக்கா மடியில் ஃபிளாஸ்க்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மலைமேல் மேகம் அளக்கிற கூண்டுகள், மீன்குஞ்சுத் தொட்டிகள், விதைக் கிடங்குகள். ஓர் ஆய்வுக்கூடத்தில் எலி கடிக்காத மின்கம்பியைக் கண்டுபிடிக்கப் பத்து வருஷமாகப் போராடியிருந்தார்கள். எலிகள் கம்பியைக் கடித்துக் கொழுத்திருந்தன. ஆனால் அந்த எலிகளை வளர்த்துப் பழகிய இரண்டு பெண்கள், பக்கத்து மருத்துவக் கல்லூரிக்குப் போய் அங்கே பரிசோதனைக்கூடத்தையே தூக்கி நிறுத்தியிருந்தார்கள். "இதை எந்தக் கட்டத்துல போடறது?" என்று அக்கா கேட்க, பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். கட்டம் இல்லாததால் ஓரத்தில் எழுதினார்கள். அவர்களுடைய அறிக்கைகளில் ஓரம் எப்போதும் நிரம்பித்தான் இருக்கும்.

வீட்டில் கணவர் பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார். "பசங்க காலையில எழுதின பரீட்சைக்கு நான் சாயங்காலமே மார்க் போடறேன். நீ பத்து வருஷம் ஆறப்போட்டுத்தான் போடுவே. நமக்குள்ள எப்படித்தான் பொருத்தம் பார்த்தாங்களோ" என்பார். மகள் சின்னவளாக இருந்தபோது படம் வரைந்து கொண்டுவந்து நீட்டினால், "அம்மாகிட்ட காட்டாதே கண்ணு, உனக்குக் கல்யாணம் ஆனப்புறம்தான் நல்லா இருக்கான்னு சொல்லுவா" என்று வாரிவிடுவார். அக்காவும் சிரிப்பாள். இப்படிச் சிரித்தே முடிந்துபோன வருஷங்கள்.

அந்தக் காலத்து நினைவில் ஒரே ஒரு முள் உண்டு. அது உப்பு நிலத்து முள்.

கடல் தண்ணீர் ஏறிக் கெட்டுப்போன வயல்களை மீட்க அரசு இரண்டு நிலையங்களுக்கு நிதி கொடுத்திருந்தது. ஒன்றில் ஒரு விஞ்ஞானி மண்ணுக்கடியில் சுட்ட மண்குழாய்களைப் பதித்து, மழைநீரோடு உப்பை வடித்துக்கொண்டிருந்தார். அவரைக் குழாய்க்காரர் என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்றில் மரக்காரர், உப்பைத் தாங்குகிற மரங்களை நட்டு மண்ணைத் தேற்றப் பார்த்தார். குழாய்க்காரரின் வயலில் பயிர் இடுப்பளவு நின்றது. சுற்றுவட்டாரத்து விவசாயிகள் தாங்களே மண்வெட்டியோடு வந்து கற்றுக்கொண்டிருந்தார்கள். மரக்காரரின் இடத்திலோ வெள்ளை பூத்த தரை, கருகிய கன்றுகள். பெரியவர் குழாய்க்கு முதல் தரமும் மரத்துக்கு மூன்றாம் தரமும் போட்டார். அக்காவுக்கும் அதில் மாற்றுக் கருத்தே இல்லை. குழாய்க்காரரிடம் விடைபெறும்போது சந்தோஷம் தாங்காமல், "கவலையே படாதீங்க சார், நிம்மதியா இருங்க" என்றுகூடச் சொல்லிவிட்டு வந்தாள்.

தரங்களை முடிவு செய்ய மேலே குழு கூடியது. உறுப்பினர் ஒருவருக்கு ரயிலைப் பிடிக்கவேண்டியிருந்தது. அவருக்காக வரிசையை மாற்றி, நாலாவதாக இருந்த மரத்தை, மூன்றாவதாக இருந்த குழாய்க்கு முன்னால் எடுத்துப் பேசினார்கள். குறிப்பெடுத்த எழுத்தரோ பழைய வரிசையிலேயே தரத்தைக் குறித்துக்கொண்டுபோனார். குழாய்க்கு மூன்று, மரத்துக்கு ஒன்று என்று உத்தரவு வந்துவிட்டது. பெரியவர் பதறியடித்து ஓடினார். மேலதிகாரி நிதானமாகச் சொன்னாராம்: "மந்திரி கையெழுத்துப் போடற வரைக்கும்தான் அது தப்பு. போட்டாச்சுன்னா முடிவு." வெண்ணெய் திரண்டு வருகிறபோது தாழி உடைந்தது. பெரியவர் அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. ஓய்வுபெற்று, கொஞ்ச வருஷத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். மருத்துவமனையில் கடைசியாகப் பார்த்தபோதுகூட, "அந்தக் குழாய்க்காரர் என்ன ஆனாரோ" என்றுதான் முனகினார்.

பெரியவருக்குப் பிறகு பிரிவு அக்காவின் தலையில் விழுந்தது. அவள் ஓய்வுபெற இன்னும் சில மாதங்களே இருந்தபோது நிதித்துறையிலிருந்து ஓர் ஆள் வந்தார். இளைஞர், மரியாதை தெரிந்தவர், கையில் ஒரு மடிக்கணினி. எல்லாப் பிரிவுகளின் நீண்டகாலப் பயனையும் அளக்கச் சொல்லியிருக்கிறார்களாம். அளக்கிறவர்களையும் அளக்கவேண்டுமாம். தேறாத பிரிவை மூடிவிடுவார்கள். அக்கா அவரைக் கணக்குத் தம்பி என்று மனசுக்குள் வைத்துக்கொண்டாள். வைத்தியருக்கே வைத்தியம் பார்க்க வந்தவர் என்று பிரேக் சொல்லிச் சிரித்தார். அக்காவால் சிரிக்க முடியவில்லை. தான் போனபிறகும் அந்த அறையில் விளக்கு எரியவேண்டும், யாராவது ஜீப்பில் ஏறிப்போய் டீக்கடையில் நின்று விசாரிக்கவேண்டும் என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே ஆசை.

"மேடம், நீங்க போட்ட தரம் சரிதான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் தம்பி.

"ஏன் தெரியாது? முதல் தரம் போட்டதெல்லாம் இன்னிக்கு எப்படி இருக்குன்னு போய்ப் பாருங்க. அத்தனையும் ஓஹோன்னு இருக்கு. மூணாந்தரம் போட்டது ஒண்ணாவது தேறிச்சா?"

தம்பி தயங்கினார். "கோவிச்சுக்காதீங்க மேடம். முதல் தரத்துக்கு நிதி போச்சு, வளர்ந்துச்சு. மூணாந்தரத்தை மூடிட்டாங்க, செத்துச்சு. மூடிட்டா எதுதான் சாகாது?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. ஊர் ஆராய்ச்சியையெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவர்கள், தங்கள் தரம் சரியா என்று ஒருநாளும் திரும்பிப் போய்ப் பார்த்ததில்லை. அவளுக்கு இந்தக் கேள்வி பிடித்திருந்தது, அதுதான் கொடுமை. பெரியவர் இருந்திருந்தால் தம்பியைத் தட்டிக்கொடுத்து டீ ஊற்றிக் கொடுத்திருப்பார் என்று தோன்றியது.

"ரெண்டே ரெண்டு இருக்கு தம்பி. நாங்க போட்ட தரம் ஒண்ணு, உத்தரவுல வந்தது வேற. அதைப் போய்ப் பார்த்தா தெரிஞ்சுடும்" என்று உப்பு நிலத்துக் கதையை ஒளிக்காமல் சொன்னாள். தம்பி மடிக்கணினியை மூடிவிட்டு முழுவதையும் கேட்டார். மறுநாளே மூவரும் ஜீப்பில் கிளம்பினார்கள்.

குழாய்க்காரரைக் கண்டுபிடிக்கக் கஷ்டமே இல்லை. பேருந்து நிலையத்துக்கு எதிரே குழாய்க் கடை வைத்திருந்தார். வாசலில் பிளாஸ்டிக் குழாய்கள் அளவு வாரியாகச் சாய்ந்து நின்றன. தலை முழுக்க நரைத்துவிட்டது. அக்காவைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். ஆனால் உட்காரச் சொல்லவில்லை. வாடிக்கையாளருக்கு ஒரு வளைவுத் துண்டை எடுத்துக் கொடுத்து முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"நிம்மதியா இருங்கன்னீங்களே, இருக்கேன்" என்றார்.

அக்கா நடந்ததைச் சொல்ல வாயெடுத்தாள். ரயில், வரிசை, கையெழுத்து என்று வார்த்தைகள் வந்தன. சொல்லச் சொல்ல அவளுக்கே அது எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று புரிந்தது. அவர் நடுவில் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"வயலைப் பார்த்துட்டுப் போங்க. என்னைப் பார்க்க என்ன இருக்கு?"

வயலைப் பார்த்தார்கள். குழாய்களைச் சுத்தம் செய்யச் சொல்லித்தர ஆளில்லாமல் அவை அடைத்துப்போய், உப்பு மறுபடி ஏறி, தரை வெளுத்துக் கிடந்தது. "நீங்க சொன்னது சரிதான் மேடம். இது நிஜமான நஷ்டம்" என்றார் தம்பி. தன் பிரிவு ஜெயித்ததற்கு முதல் தடவையாக அக்காவுக்கு அழுகை வந்தது.

அடுத்த நாள் மரக்காரரின் நிலையம். பிரேக் வழக்கத்துக்கு மாறாக எதுவும் குறுக்கே வராமலே வண்டியை நிறுத்திவிட்டார். "அக்கா, இடம் தப்பா வந்துட்டமா?" என்றார். கருகிய கன்றுகள் நின்ற இடத்தில் ஒரு தோப்பு. உள்ளே நிழல். நிழலுக்குள் காய்கறிப் பாத்திகள், தேன் பெட்டிகள், வரப்பில் சைக்கிள்கள். பக்கத்து நிலங்களிலும் வரிசையாக அதே மரங்கள். அக்கா விடாமல், பழைய பாணியில் டீக்கடைக்குப் போய் நின்றாள். "உள்ள என்ன நடக்குது?" என்று கேட்டாள். கடைக்காரர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "என்ன இப்படிக் கேக்கறீங்க? அவர் இல்லேன்னா நாங்கெல்லாம் எப்பவோ ஊரைக் காலி பண்ணியிருப்போம்" என்றார்.

மரக்காரர் குனிந்த முதுகோடு ஓடிவந்தார். கையில் மண். இரண்டு கைகளாலும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்கம்மா, வாங்க! நீங்களும் பெரியவரும் போட்ட முதல் தரம்தான் இதெல்லாம். அது மட்டும் வரலேன்னா இங்க ஒரு புல்லு முளைச்சிருக்காது."

தம்பி தேன் பெட்டிகளைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார். நாலு முறை நட்டது செத்து, ஐந்தாவது முறை வேருக்குக் கீழே வைக்கோல் போட்டதும் பிடித்துக்கொண்டதை மரக்காரர் குழந்தைபோல விவரித்தார். அந்த ஐந்தாவது முறை வரை காத்திருக்க நிதி இருந்ததே, அதுதான் விஷயம். கிளம்பும்போது தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்.

"அடுத்த மாசத்தோட நானும் ஓய்வு. அன்னிக்கு நீங்க எழுதின அறிக்கையில ஒரு நகல் கிடைக்குமா? செவுத்துல மாட்டணும்."

"பார்க்கறேன் சார்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினாள்.

ஜீப் பெரிய சாலைக்கு வந்தது. பிறகு தம்பிதான் ஆரம்பித்தார். "ஒண்ணு சரி, ஒண்ணு தப்பு. ரெண்டுக்கு ஒண்ணு. மன்னிச்சுக்கங்க மேடம், காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும்."

"தெரியுது தம்பி."

"ஆனா வேற மாதிரியும் எழுதலாம். உங்க பிரிவு கொடுத்த முதல் தரம்தான் தோப்பாச்சுன்னு அவரே சொல்றார். எழுதினா பொய்யும் இல்ல. உங்க பிரிவு பிழைச்சுக்கும்." அவர் உண்மையான அக்கறையோடுதான் சொன்னார்.

பிரேக் கண்ணாடி வழியாக அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி யோசித்தாள். அறை இருக்கும். விளக்கு எரியும். ஒரே ஒரு வரி போதும். முழுப் பூசணிக்காயைக்கூட மறைக்கவேண்டியதில்லை. ஒரு துண்டை மறைத்தால் போதும்.

"நாங்க அவருக்குப் போட்டது மூணாந்தரம். அன்னிக்கே மூடியிருக்கணும்னு எழுதிக் கொடுத்தோம். அப்படியே எழுதுங்க."

"பிரிவை மூடிடுவாங்க மேடம்."

"மூடட்டும். ஊர்ல உள்ளவங்களையெல்லாம் உண்மையைச் சொல்லுன்னு மிரட்டிட்டு, எங்க முறை வந்ததும் நாங்க மட்டும் காக்கா ஆகிடறதா?"

மூடித்தான் விட்டார்கள். அன்று வீட்டுக்குப் போனதும் கணவரிடம், "முப்பது வருஷ உழைப்புக்கு மார்க் வந்துடுச்சு. ஃபெயில்" என்றாள். அவர் வழக்கமான கேலி எதையும் எடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "நான் ஃபெயில் போட்ட பசங்கள்ல ஒருத்தன்தான் இப்ப என் பள்ளிக்கூடத்துக்கு ஹெட்மாஸ்டர்" என்றார். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது.

மரக்காரரின் நகல்தான் பாக்கி. பழைய அறிக்கையை எப்படி அனுப்புவது? அதில் இருப்பது அந்த மனிதரின் வாழ்நாளை ஒரே கோட்டில் அடிக்கிற தீர்ப்பு. தரத்தைத் திருத்தி ஒரு நகல் எடுக்க அவள் கை வராது. யோசித்துப் பார்த்து, தோப்பை இன்றைக்குக் கண்டபடியே ஒரு புதிய அறிக்கை எழுதினாள். டீக்கடைக்காரர் சொன்னதை ஓரத்தில் எழுதினாள். முதல் தரம் என்று போட்டு, இன்றைய தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டாள். பின்னாய்வுப் பிரிவின் கடைசித் தரம் அதுதான். தேதியை அவர் கவனிக்காமல் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு தபாலில் சேர்த்தாள்.

அறையைக் காலி செய்த அன்று மேசைகள் ஏற்கெனவே போய்விட்டன. தொலைபேசி தரையில் கிடந்தது. சாவியைக் கொடுக்கப் புறப்படும் நேரத்தில் அது மணியடித்தது. அக்கா குந்தி உட்கார்ந்து எடுத்தாள்.

"அம்மா, நான்தான், தோப்புலேர்ந்து. தபால் வந்துச்சு. நான் பழசைத்தானே கேட்டேன், புதுசா எழுதி அனுப்பியிருக்கீங்களே?"

"அது வந்து சார், இடம் மாத்தற அவசரத்துல பழசு எங்கேயோ..."

மறுமுனையில் சிரிப்புக் கேட்டது. "விடுங்கம்மா. பழசுல என்ன இருக்கும்னு எனக்குத் தெரியாதா? நீங்க வந்தப்போ கன்னெல்லாம் கருகிக் கிடந்துச்சு. பெரியவர் ஒண்ணைத் தொட்டுப் பார்த்தாரு, வேரோட கையில வந்துடுச்சு. அதுக்கு எவன் முதல் தரம் போடுவான்? உத்தரவு வந்த அன்னிக்கே புரிஞ்சுபோச்சு, எங்கேயோ மாறி விழுந்திருக்குன்னு. வாயைத் திறந்தா திரும்பிப் போயிடும்னு மூடிக்கிட்டேன்."

"அப்புறம் ஏன் சார் பழசைக் கேட்டீங்க?"

"போறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது என் கண்ணால பார்த்துடணும்னுதான். செவுத்துல மாட்டறேன்னது சும்மா." குரல் இறங்கிவிட்டது. "அது யாரோ ஒருத்தருக்கு வரவேண்டியதும்மா. என்னிக்காவது அவர் வந்து நின்னு, என்னோடதை வெச்சு என்ன பண்ணேன்னு கேட்டா, காட்டறதுக்கு ஏதாவது இருக்கணுமேன்னுதான் திரும்பத் திரும்ப நட்டேன். அவர் வரவே இல்ல. உங்களுக்குத் தெரியும்தானே, அவர் யாரு?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். பேருந்து நிலையத்துக்கு எதிரே என்று சொன்னாள், குழாய்க் கடை என்று சொன்னாள். மறுமுனையில் அவர் எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது.

"கடையை எப்போ திறப்பாரும்மா?"

"காலையிலேயே திறந்துடுவாரு சார். ஆனா பார்த்த உடனே பேசமாட்டாரு. உட்காரவும் சொல்லமாட்டாரு. நீங்க கொஞ்ச நேரம் நில்லுங்க."